இறால் ஓட்டுச் சர்க்கரையில் எஸ்ஐஆர்என்ஏவைப் பொதிவது எப்படி

எங்கள் ஊர் திருவையாற்றுக்குக் கிழக்கே. நாற்று பறித்து முடி கட்ட அம்மாதான் சொல்லிக்கொடுத்தாள். சேற்றில் வீசும்போது முடி பிரியக் கூடாது, நடுகிறவள் கைக்கு வந்ததும் ஒரே இழுப்பில் பிரிய வேண்டும். ஆய்வகத்தில் நான் செய்வதும் அதே கட்டுதான். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

எஸ்ஐஆர்என்ஏ (siRNA) என்பது சுமார் 21 எழுத்து நீளமுள்ள இரட்டை இழை ஆர்என்ஏ. புற்றுநோய் செல்லைச் சாகவிடாமல் காக்கும் சர்வைவின் போன்ற மரபணுவின் செய்தி ஆர்என்ஏவை, அதாவது புரதம் செய்யச் சொல்லும் நகலை, அது வெட்டவைக்கும். தனியாகப் போனால் ரத்தத்தில் உள்ள நொதிகள் அதைத் தின்றுவிடும். எதிர்மின்சுமை இருப்பதால் செல் சவ்வும் உள்ளே விடாது. அதனால்தான் நேர்மின்சுமை உள்ள பாலிமரில் (நீளச் சங்கிலி மூலக்கூறில்) பொதிகிறோம். நான் எடுத்துக்கொண்டது கைட்டோசான், நாகப்பட்டினத்தில் கழித்துக் கொட்டும் இறால் ஓடு மாதிரியான ஓட்டிலிருந்து எடுப்பது. ஆனால் ஓட்டை வாங்கி நீங்களே காய்ச்ச வேண்டாம். மூலக்கூறு எடையும் அசிட்டைல் நீக்க அளவும் (அசிட்டைல் நீங்க நீங்க நேர்மின்சுமை தரும் அமீன் கூடும்) புட்டியில் அச்சிட்டதையே வாங்குங்கள்.

1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் ராத்திரி முழுக்கக் கலக்கிக் கரைத்து, பிஎச் 5.5க்குக் கொண்டுவந்து வடிகட்டுங்கள். 6.5ஐத் தாண்டினால் கைட்டோசான் சுமையை இழந்து திரிந்துவிடும்.

அடுத்தது கணக்கு. இதில் அவசரமே கூடாது. 1 மைக்ரோகிராம் எஸ்ஐஆர்என்ஏவில் ஏறக்குறைய 3 நானோமோல் பாஸ்பேட் இருக்கும், எதிர்மின்சுமை அதில்தான். 85 சதவீதம் அசிட்டைல் நீங்கிய கைட்டோசான் 1 மைக்ரோகிராமில் சுமார் 5 நானோமோல் அமீன். ஒரு பாஸ்பேட்டுக்கு 50 அமீன் என்ற விகிதம் வேண்டுமென்றால் 150 நானோமோல் அமீன், அதாவது 30 மைக்ரோகிராம் கைட்டோசான். இதைத்தான் என்/பி விகிதம் என்கிறோம் (என் என்பது அமீனின் நைட்ரஜன், பி என்பது பாஸ்பேட்டின் பாஸ்பரஸ்). 5, 10, 25, 50 என்று நான்கு டியூப் போடுங்கள். கலந்ததும் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள்.

விரலிலும் வியர்வையிலும் ஆர்என்ஏவை வெட்டும் நொதி உண்டு. சித்திரை வெயிலில் கரண்ட் போனால் கையுறைக்குள் வியர்த்து ஒழுகும். புதுக் கையுறை போட்ட பிறகே டியூபைத் தொடுங்கள்.

அப்புறம் 2 சதவீத அகரோஸ் ஜெல்லில் குழியில் ஊற்றி மின்சாரம் பாய்ச்சி ஓட்டுங்கள். கட்டாத எஸ்ஐஆர்என்ஏ கீழே ஓடும், கட்டியது குழியிலேயே நிற்கும். குழியில் நின்றதும் வேலை முடிந்தது என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். முடி கட்டியாயிற்று, சரி. பிரியுமா? இன்னொரு டியூபில் ஹெபாரின் சேர்த்து ஓட்டுங்கள். எதிர்மின்சுமை மிகுந்த ஹெபாரின் கைட்டோசானைத் தன் பக்கம் இழுக்க, எஸ்ஐஆர்என்ஏ விடுபட்டுப் பட்டையாக மறுபடி தெரிய வேண்டும்.

இதைச் செய்யாமல் இரண்டு மாதத்தை இழந்தவள் நான். அதிகம் போட்டால் நல்லது என்று விகிதத்தை 150க்கு ஏற்றினேன். சாயம் ஏற்றிய எஸ்ஐஆர்என்ஏ செல்லுக்குள் சிவப்புப் புள்ளிகளாக ஒளிர்ந்ததைப் பார்த்து அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். செய்தி ஆர்என்ஏவை அளக்கும் பிசிஆர் சோதனையில் அந்த மரபணுவின் செய்தி துளியும் குறையவில்லை. துகள் செல்லுக்குள் போயிருந்தது, முடி மட்டும் அவிழவில்லை. ஒளிர்வது நுழைந்ததற்குச் சாட்சி, மரபணுவின் வாயை அடைத்ததற்குச் சாட்சி அல்ல.

துகளின் அளவு 100 முதல் 200 நானோமீட்டருக்குள் இருந்தால் நான் தட்டில் வளர்க்கும் செல்லில் சோதிக்கப் போகிறேன். நேர்மின்சுமை உள்ள இன்னொரு பாலிமரான பாலிஎத்திலீன்இமைனை (மூலக்கூறு எடை 25 கிலோடால்டன்) ஒப்பீட்டுக்கு வையுங்கள். அது நன்றாகவே உள்ளே கொண்டுபோகும், ஆனால் செல்லையும் கொல்லும். செல் செத்ததால் மரபணுவின் செய்தி குறைந்ததா, செய்தி குறைந்ததால் செல் செத்ததா என்பதைப் பிரித்துப் பார்க்க, எழுத்துகளைக் கலைத்துப்போட்ட எஸ்ஐஆர்என்ஏவை அதே பாலிமரில் அதே விகிதத்தில் பொதிந்து கூடவே கொடுக்க வேண்டும். அது இல்லாத முடிவை நான் நம்புவதில்லை.

தட்டில் பலித்தது உடம்பில் பலிக்கும் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், முக்கியமாக வீட்டில் நோயாளி இருப்பவர்களிடம். சைக்ளோடெக்ஸ்ட்ரின் பாலிமரில் பொதிந்த எஸ்ஐஆர்என்ஏ மனிதரின் மெலனோமா (தோல் புற்றுநோய்) கட்டிக்குள் போய் வேலை செய்ததற்கான சான்று 2010இல் வெளியானது. 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் எஸ்ஐஆர்என்ஏ மருந்தோ கொழுப்புத் துகளில், கல்லீரலுக்குப் போவது. அது புற்றுநோய்க்கானதும் அல்ல.

செய்தி ஆர்என்ஏவை 48 மணி நேரத்திலும் புரதத்தை 72 மணி நேரத்திலும் அளந்து பாருங்கள். மூன்று முறை, மூன்று வெவ்வேறு நாட்களில்.