பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

எந்த மாடல் நல்லது என்று யாராவது கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது: எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள்? பூ, பூச்சி, தூரத்துப் பறவை என்றால் ரேஞ்ச்ஃபைண்டர் வேண்டாம். எஸ்.எல்.ஆர். போல இதில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் தனி ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். நடுவில் தெரியும் சின்னக் கட்டத்தில் ஒரு உருவம் இரண்டாகத் தெரியும். அவை ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் ஃபோகஸ். பெரும்பாலான கேமராக்களில் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் வந்தால் ஃபோகஸ் செய்ய முடியாது. இந்த வகையில் புகழ்பெற்ற லெய்க்கா எம்3-இல்கூட 135 மி.மீ. லென்ஸுக்கு மேல் சட்டக் கோடு (படத்தில் எவ்வளவு இடம் விழும் என்று ஜன்னலில் காட்டும் கோடு) கிடையாது.

மனிதர்கள், வீட்டுக்குள் நடப்பவை, தெருவில் நடப்பவை என்றால் இதற்கு ஈடு வேறு இல்லை என்பது என் கருத்து. எஸ்.எல்.ஆரில் இருப்பதுபோல உள்கண்ணாடி தூக்கி அடிக்கும் சத்தமோ அதிர்வோ இல்லாததால் 1/15 நொடியில்கூடக் கையில் பிடித்து எடுக்க முடிகிறது. சட்டத்துக்கு வெளியே இருப்பதும் தெரிவதால், ஆள் உள்ளே நடந்து வருவதை முன்கூட்டியே பார்த்துவிடலாம். நான் மூக்குக் கண்ணாடி அணிகிறவள். அதனால் எந்தக் கேமராவை எடுத்தாலும் சட்டக் கோட்டின் நான்கு மூலையும் கண்ணாடியோடு தெரிகிறதா என்று முதலில் பார்ப்பேன். தெரியவில்லையென்றால் மற்ற எதையும் சோதிக்க மாட்டேன்.

சரி, இதுதான் வேண்டும் என்று முடிவாகிவிட்டதா? மாடலைத் தேர்ந்த பிறகு, பணம் கொடுப்பதற்கு முன், அதைப் பழுது பார்க்கும் ஒருவரைக் கண்டுபிடியுங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். இந்தக் கேமராக்கள் ஐம்பது அறுபது வருடப் பழசு. உள்ளே கிரீஸ் இறுகியிருக்கும். விற்பவர் சொல்லும் விலை பாதி விலைதான், மீதி சர்வீஸுக்குப் போகும். இரண்டையும் கூட்டிய பிறகும் வாங்கத் தோன்றினால் மட்டும் பேச்சைத் தொடருங்கள். சர்வீஸ் முடிந்தது என்று விற்பவர் சொன்னால், யார் செய்தது, எப்போது செய்தது என்று கேளுங்கள்.

கையில் வாங்கியதும் ஷட்டரைத் தட்டிப் பார்க்கத்தான் எல்லாருக்கும் ஆசை வரும். நான் முதலில் ரேஞ்ச்ஃபைண்டரைப் பார்ப்பேன். தூரத்தில் இருக்கும் கம்பத்தையோ கட்டட விளிம்பையோ பாருங்கள். இரவென்றால் நிலா போதும். லென்ஸை முடிவிலிக்கு (∞ குறிக்கு) திருப்பினால் இரண்டு உருவமும் சரியாகப் பொருந்த வேண்டும். பக்கவாட்டில் பொருந்தி, மேலும் கீழுமாக விலகியிருந்தால் அதுவும் பழுதுதான். அப்புறம் ஒரு டேப் வைத்து ஒரு மீட்டர் அளந்து, அந்தத் தூரத்தில் ஒரு பொருளைப் பொருத்தி, லென்ஸில் எழுதியிருக்கும் எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சிறு விலகலைப் பழுது பார்ப்பவர் சரிசெய்துவிடுவார். ஆனால் நடுக்கட்டமே மங்கி, உருவம் இரண்டாகத் தெரிகிறதா என்றே சந்தேகம் வந்தால், உள்ளே இருக்கும் பாதிப் பிரதிபலிப்புக் கண்ணாடியின் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். அதை மாற்றுவது பெரிய வேலை. அப்படிப்பட்டதை நான் வாங்குவதில்லை. லெய்க்கா எம்3-இல் இன்னொன்றையும் கவனியுங்கள். கீழே விழுந்ததில் உள்ளே இருக்கும் பட்டகத்தின் ஒட்டு விட்டுப்போய், வ்யூஃபைண்டர் (நாம் பார்க்கும் ஜன்னல்) இருண்டுவிடுவது உண்டு. மேல் தகட்டில் நசுங்கல் தெரிந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். வண்ணம் தேய்ந்து பித்தளை தெரிவதைப் பற்றிக் கவலையே வேண்டாம். திருகுகளின் தலை சிதைந்திருந்தால்தான் எனக்கு யோசனை: கைப்பழக்கம் இல்லாத யாரோ திறந்திருக்கிறார்.

அடுத்தது ஷட்டர். பின்மூடியைத் திறந்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, ஒவ்வொரு வேகமாக அழுத்துங்கள். வேகத்துக்கு வேகம் வித்தியாசம் கண்ணுக்கும் காதுக்கும் தெரிய வேண்டும். ஒரு நொடி வேகம் நடுவில் திக்கி நின்றால் கிரீஸ் இறுகியதுதான் காரணமாக இருக்கும். அது சர்வீஸில் போய்விடும், அதை வைத்து விலையைக் குறைத்துப் பேசலாம். லீஃப் ஷட்டர் (லென்ஸுக்குள் இதழ்களாகத் திறந்து மூடுவது) என்றால் இதழ்களில் எண்ணெய் மினுமினுக்கிறதா என்று பாருங்கள். ஒட்டிக்கொண்டு திறக்காமல் போவது அதனால்தான். துணி ஷட்டரில் வேறு ஆபத்து. எஸ்.எல்.ஆர். போலக் குறுக்கே கண்ணாடி இல்லாததால், சூரியனைப் பார்த்தபடி வைக்கப்பட்ட கேமராவில் லென்ஸே வெயிலைக் குவித்துத் துணியில் ஓட்டை போட்டுவிடும். லென்ஸைக் கழற்றி, இருட்டறையில் டார்ச்சை முன்னால் பிடித்து, பின்பக்கம் ஒளிப்புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். கேனான் பி (Canon P) போன்றவற்றில் ஷட்டர் திரை மெல்லிய உலோகத் தகடு. அதில் தெரியும் சுருக்கம் பெரும்பாலும் தொந்தரவு தராது. சோவியத் கேமராவான ஸோர்க்கி 4-ஐச் சோதிக்கும்போது மட்டும், ஃபிலிம் நகர்த்தும் திருகைச் சுற்றி ஷட்டரை ஏற்றிய பிறகே வேகத்தை மாற்றுங்கள், இல்லையென்றால் உள்ளே உடையலாம். எந்தப் பழைய கேமராவிலும் செல்ஃப் டைமரைத் தொடாதீர்கள். பாதியில் நின்றால் கேமராவே நின்றுவிடும்.

லென்ஸைப் பார்க்க அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) முழுதும் திறந்து, ஷட்டரை 'பி'யில் (B, அழுத்தியிருக்கும்வரை திறந்தே இருக்கும் நிலை) வைத்து அழுத்திக்கொண்டு, டார்ச்சைப் பின்னாலிருந்து அடியுங்கள். தூசி இருந்தால் இருக்கட்டும், படத்தில் தெரியாது. புகை படிந்தது போன்ற மங்கல் பல நேரம் துடைத்தால் போய்விடும். சிலந்தி வலை போல இழை ஓடினால் அது பூஞ்சை. ஆரம்ப நிலையென்றால் சுத்தம் செய்யலாம், பூச்சை அரித்த பிறகு தடம் போகாது. ஓரத்தில் வானவில் நிறத்தில் வட்டமாகத் தெரிந்தால் கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுவிட்டது. லென்ஸ் கழற்ற முடியாத மாடலில் இதைப் பார்த்தால் நான் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு நான் அவ்வளவு மதிப்பெண் தருவதில்லை. ஃபோனில் இருக்கும் மீட்டரே போதும். ஆனால் மீட்டர் இல்லாமல் கேமரா ஓடுமா என்பது முக்கியம். நான் வைத்திருக்கும் கேனோனெட் க்யூ.எல்.17 ஜி-3 பேட்டரியே இல்லாமலும் எல்லா வேகத்திலும் வேலை செய்யும். 1966-இல் வந்த யாஷிக்கா எலக்ட்ரோ 35 அப்படியில்லை. அப்பர்ச்சரை நீங்கள் வைத்தால் வேகத்தை அதுவே தேர்ந்தெடுக்கும். பேட்டரி இல்லையென்றால் எப்போதும் 1/500தான். அதில் ஒரு ரப்பர் துண்டு காலப்போக்கில் உதிர்ந்து, அளவெல்லாம் கெட்டுப்போகும். ஃபிலிம் நகர்த்தும் லீவரை இழுக்கும்போது உள்ளே மெல்லிய 'டக்' சத்தம் கேட்டால் ரப்பர் இன்னும் இருக்கிறது. அந்தக் காலத்துக் கேமராக்கள் பல பாதரச பேட்டரிக்கு என்று செய்யப்பட்டவை. அது இப்போது விற்பனையில் இல்லை. 1.35 வோல்ட் கேட்கும் மீட்டரில் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் அளவு மாறிப்போகலாம். காது கேட்கும் கருவியின் துத்தநாக பேட்டரி 1.4 வோல்ட் தரும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். வெளிச்சம் புகாமல் தடுக்கும் பின்மூடி ஓரத்துக் கறுப்பு நுரை பிசுபிசுத்திருந்தால் பயப்படாதீர்கள். அதை வீட்டிலேயே மாற்றிவிடலாம்.

தங்க முலாம், போர்க்காலச் சின்னம் என்று பளபளப்பாக வரும் பழைய லெய்க்காக்களில் பல ஃபெட், ஸோர்க்கி என்ற சோவியத் கேமராக்களைச் செதுக்கிச் செய்த போலிகள். அவற்றின் பக்கமே போக வேண்டாம்.

நேரில் பார்க்க முடியாமல் வாங்குகிறீர்கள் என்றால், லென்ஸுக்குள் டார்ச் அடித்த படத்தையும், ஒரு நொடி வேகத்தில் ஷட்டர் ஓடும் வீடியோவையும், பேட்டரி அறையின் படத்தையும் கேளுங்கள். 'சோதித்துப் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தால், ஓடவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுவேன். திருப்பி அனுப்ப எத்தனை நாள் அவகாசம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வந்த அன்றே ஒரு ரோல் போட்டு, அப்பர்ச்சரை முழுதும் திறந்து வைத்து, ஒரு மீட்டர், மூன்று மீட்டர், முடிவிலி என்று எடுங்கள். சாய்வாகப் போகும் வேலி ஒன்றில் நடுக் கம்பத்துக்கு ஃபோகஸ் செய்தும் எடுங்கள். கூர்மை முன்னாலோ பின்னாலோ தள்ளிப்போகிறதா என்பது அந்தப் படத்தில் தெரிந்துவிடும். அவகாசம் முடிவதற்குள் அந்த ரோலைக் கழுவிப் பார்த்துவிடுங்கள்.