இருபொருள் குறிப்பை எங்கே வெட்டுவது? குறுக்கெழுத்துப் பழகுவோருக்கு

கிரிப்டிக் குறுக்கெழுத்தில், அதாவது குறிப்பு நேரடியாகச் சொல்லாமல் சொல் விளையாட்டால் விடையை மறைக்கும் புதிரில், புதிதாக இறங்குபவர்கள் முதலில் பழக வேண்டியது இருபொருள் குறிப்பு. எழுத்துகளைக் கலைத்து அடுக்கும் வேலை இதில் இல்லை. ஒரே விடைக்கான இரண்டு விளக்கங்கள் ஒட்டி நிற்கும், சேர்த்துப் படித்தால் ஒரே வாக்கியமாகத் தெரியும். குறிப்பு நான்கு சொற்களுக்குள் இருந்தால் முதலில் இந்த வகையைச் சந்தேகியுங்கள்.

அடைப்புக்குள் இருப்பது கட்டங்களின் எண்ணிக்கை. மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு: மாலை 2, திங்கள் 4.

படி 1: வெட்டுங்கள்

பொழுது சாயும்போது கழுத்தில் விழும் (2)

படித்ததும் மனதில் ஒரு காட்சி விரியும். பலரும் சிக்கிக்கொள்வது அதில்தான். இருட்டுகிற நேரத்தில் கழுத்தில் என்ன விழும் என்று யோசிக்கத் தொடங்கினால் விடை வராது. காட்சியை விட்டுவிட்டு இடைவெளிகளை எண்ணுங்கள். நான்கு சொற்கள், மூன்று இடைவெளிகள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். "பொழுது / சாயும்போது கழுத்தில் விழும்" என்றால் வலப்பக்கம் தனியாக எதையும் சுட்டவில்லை. "பொழுது சாயும்போது / கழுத்தில் விழும்" என்றால் இரண்டு பக்கமும் சொந்தக் காலில் நிற்கின்றன. மாலை.

பல பொருள் ஒரு சொல்லில் எந்தப் பொருள் என்பதை வினை காட்டிக்கொடுக்கும் என்கிறது தொல்காப்பியம். மா பூத்தால் மரம், மா ஓடினால் விலங்கு. புதிர் அமைப்பவர் வேண்டுமென்றே தவறான வினையைப் பக்கத்தில் வைக்கிறார். அதனால்தான் வெட்டாமல் எதுவும் நகராது.

படி 2: பெயரா, ஏவலா?

தமிழில் ஏவல் வினைக்குப் பெரும்பாலும் விகுதி தேவையில்லை. படி, பார், அடி, கல், ஓடு, தை, நகை எல்லாம் பெயராகவும் நிற்கும், கட்டளையாகவும் நிற்கும். இருபொருள் குறிப்புகளுக்கு வற்றாத சுரங்கம் இதுதான்.

நகலை வாசி (2)

நகல் என்றாலும் படி, வாசி என்றாலும் படி. நடுவில் இருக்கும் 'ஐ' வெறும் பசை. அதையும் ஒழித்தால்தான் நேர்மையான குறிப்பு என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். அவ்வளவு கண்டிப்பு வேண்டியதில்லை. உருபே இல்லாமல் இயல்பான தமிழ் வாக்கியம் அமைவது அரிது. சந்தி ஒற்றையும் நிறுத்தக்குறியையும் அப்படியே ஒதுக்கிவிடுங்கள்.

படி 3: எழுத்தைச் சரிபாருங்கள்

பரவை கடல், பறவை வானில் பறப்பது. பேச்சில் ஒன்றுபோல ஒலித்தாலும் இது இருபொருள் ஆகாது. ஒரு பாதி மட்டும் பொருந்தும் விடையைப் பேனாவால் எழுதாதீர்கள்.

அகராதி

க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில் தொடங்குங்கள். விடை என்றால் எருது, இறை என்றால் வரி போன்ற பழைய பொருள்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924–1936). அதையே முதலில் திறந்தால் பொருள்கள் குவிந்து, எந்தச் சொல்லும் பொருந்துவதுபோல மயக்கும். செய்யுளில் அமைந்த பழைய அகராதியான சூடாமணி நிகண்டின் 11ஆம் தொகுதி முழுவதும் ஒரு சொல்லுக்குப் பல பொருள்தான், அதுவும் எதுகை வரிசையில், அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து. குறுக்கே வரும் விடை இரண்டாம் எழுத்தைத் தந்துவிட்டால் இதைவிட வேகமான கருவி கிடையாது.

பின்சேர்க்கை: எங்கே வெட்டினாலும் ஒரு பாதி தொங்குகிறதா? குறிப்பிலுள்ள சொல்லே இருபொருளில் ஆடிக்கொண்டிருக்கலாம்.

இடம்பெயரக் கடையில்லாத நகரம் (3)

இங்கே கடை அங்காடியன்று, கடைசி எழுத்து. நகரம் என்பதில் 'ம்' போனால் நகர, அதாவது இடம்பெயர. தலை, இடை, வால், கால் எது வந்தாலும் இந்தச் சந்தேகம் எழ வேண்டும்.

பழக ஒன்று: கைதியின் கையில் மிருகம் (4). வெட்டு இரண்டாவது இடைவெளியில்.