தலையணை முழங்காலுக்குக் கீழே அல்ல

தம்பிக்குக் கால்பந்து மாச்சில் முழங்காலுக்குள் எலும்புகளைப் பிடித்து வைக்கும் ஏசிஎல் சவ்வு அறுந்து, ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று அம்மம்மா செய்த முதல் வேலை, ஒரு பஞ்சுத் தலையணையை மடித்து அவன் முழங்காலுக்குக் கீழே செருகியதுதான். "இப்படி வச்சாத்தான் பிள்ளைக்கு நோகாது" என்றார். உண்மைதான், நோகவில்லை. வீங்கிய மூட்டு கொஞ்சம் மடங்கியிருந்தால் உள்ளே நீருக்கு இடம் கூடும், வலி குறையும். ஆனால் நாட்கணக்கில் அப்படியே கிடந்தால் கால் முழுதாக நீளாமல் இறுகிவிடும். பிறகு நடையில் நொண்டல் தங்கிவிடும். டொக்டர் வேறு மாதிரிச் சொல்லாவிட்டால் தலையணையின் இடம் குதிக்காலுக்குக் கீழே. முழங்காலுக்கு அடியில் ஒன்றும் இல்லாமல், கால் நேராக, நெஞ்சை விட உயரத்தில் இருக்க வேண்டும்.

அடுத்த நாள் எண்ணெய்ப் போத்தல் வந்தது. மட்டக்களப்பில் கால் வீங்கினால் எண்ணெய் போட்டு உருவாத வீடு குறைவு. நாட்டு வைத்தியம் செய்யும் பரியாரிமார் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனாலும் புதிதாகத் தையல் போட்ட காலை உருவுவதும், முதல் வாரங்களில் சுடுஒத்தடம் கொடுப்பதும் வீக்கத்தைக் கூட்டும், காயத்தில் கிருமி ஏறவும் வழி விடும். ஐஸ்தான் சரி. அதையும் சொப்பிங் பேக்கில் போட்டு வெறுந்தோலில் வைக்கக் கூடாது. துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் போதும். ஒப்பரேஷனுக்குப் பிறகு சில இடங்களில் தோல் மரத்துப்போயிருக்கும், ஐஸ் சுட்டாலும் தெரியாது.

இளம் பிள்ளைகள் செய்யும் பிழை வேறு. வலி குறைந்ததும் வீக்கத்தை மறந்துவிடுவார்கள். மூட்டுக்குள் 20, 30 மில்லிலீற்றர் நீர் தேங்கினாலே தொடையின் உட்பக்கத் தசைக்குப் போகும் கட்டளை மங்கிவிடும். பிள்ளை இறுக்கப் பார்ப்பான், தசை அசையாது. சோம்பல் என்று ஏசாதீர்கள், வீக்கம்தான் தடுக்கிறது. நாங்கள் தையல் டேப்பால் தினமும் ஒரே நேரத்தில் முழங்கால் சிரட்டையின் நடுவில் சுற்றளவு பார்த்துக் கொப்பியில் எழுதினோம். படியேறிய நாளுக்கு மறுநாள் அளவு கூடியிருந்தால் அன்றைக்குப் பயிற்சியைக் குறைத்தோம். வாரக்கணக்கில் வீக்கம் இருப்பதும், கன்றிய நிறம் கணுக்கால் வரை இறங்குவதும் பெரும்பாலும் வழமைதான்.

சாப்பாட்டிலும் ஒரு சண்டை. கிரந்தி, அதாவது புண்ணை ஆறவிடாத சாப்பாடு என்று இறால், நண்டு, சூரை எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். வாவிக் கரையில் இருந்துகொண்டு மீன் தின்னாமல் தொடைத் தசை எப்படித் திரும்பி வளரும்? ஒவ்வாமை இல்லை என்றால் மீனும் முட்டையும் பருப்பும் தாராளமாகக் கொடுங்கள்.

அடுத்தது காய்ச்சல். ஆறி வந்த வலி திடீரென்று கூடி, முழங்கால் சிவந்து கொதித்து, காயம் கசிந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாரி காலத்துக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் டெங்குவில் இரத்தப்போக்கை உண்டாக்கலாம், ஆகவே காய்ச்சலோடு டொக்டரைக் கேட்காமல் விழுங்கக் கூடாது. கெண்டைக்கால் வீங்கி, அழுத்தினால் நொந்தால் இரத்தம் உறைந்திருக்கலாம், அதற்கும் அன்றே காட்ட வேண்டும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ யோசிக்காமல் 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

இனி ஊர்ச் சம்பிரதாயங்கள். சப்பணமிட்டு இருப்பது, குந்தும் கக்கூஸ், தொழுகையில் முழங்காலில் அமர்வது, கல்முனை வரை மோட்டார் சைக்கிளில் கால் மடித்துப் போவது எல்லாம் பிசியோதெரபிஸ்ட் சொல்லும்வரை தள்ளிப் போடவேண்டியவை. தொழுகைக்குக் கதிரை போதும்.

கடைசிப் பிழை அவசரம். புதிதாக வைத்த சவ்வு முதல் சில மாதங்களில் பலவீனமாகவே இருக்கும், வலி இல்லாததால் அது தெரியாது. 9 மாதத்துக்கு முன் மாச்சில் இறங்கியவர்களுக்கு மறுபடி காயம் படும் ஆபத்து அதிகம். 9 மாதம் போனாலும், இரண்டு கால் பலமும் கிட்டத்தட்ட ஒன்றாகாமல் மாச்சில் இறங்க விடக் கூடாது. தம்பிக்கு இப்போது ஏழாவது மாதம். "எப்ப மச்சான் இறங்குவாய்?" என்று கூட்டாளிமார் தினமும் கேட்கிறார்கள். அவன் கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிப் போடுகிறான், வீட்டுக்கு வந்து டேப்பை எடுக்கிறான்.