சியாங் மாய்: பழைய நகரிலிருந்து தோய் சுதேப்புக்கும் லம்பூனுக்கும்

வடக்குத் தாய்லாந்தின் சியாங் மாய்க்குச் செல்பவர்கள் முதல் நாளிலேயே அருவிக்கும் யானை முகாமுக்கும் வண்டி பிடித்து ஓடாமல், அகழி சூழ்ந்த பழைய நகரைக் காலாற நடந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு வெளியே கிளம்புவதே நல்லது. மேற்கே தோய் சுதேப் மலை, கிழக்கே பிங் ஆறு, இரண்டுக்கும் நடுவே பக்கத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள சதுரம் என்ற அமைப்பில் மங்ராய் மன்னர் 1296ஆம் ஆண்டில் இதை லன்னா அரசின் தலைநகராக நிறுவினார். அந்த அமைப்பு மனத்தில் பதிந்துவிட்டால், வரைபடம் இல்லாமலேயே திசை பிடிபட்டுவிடும்.

வெயில் ஏறுவதற்கு முன் கிழக்கிலுள்ள தா பே வாயில் வழியாக நுழைந்து, முதலில் வடகிழக்கு மூலையிலுள்ள வாட் சியாங் மானுக்குச் செல்லுங்கள். நகரின் மிகப் பழைய விகாரை இதுதான். நகரம் தோன்றிய நாளைக் குறிக்கும் 1581ஆம் ஆண்டுக் கல்வெட்டு இங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே நடந்தால் வாட் செடி லுவாங் வரும். அவசரமாகப் பார்த்துவிட்டுப் போகக்கூடிய இடமல்ல இது. இங்குள்ள பெரிய தூபி 1545ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் உச்சி சரிந்து போனது. 1990களில் சீரமைத்தபோதும், பழைய உச்சி எப்படி இருந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லாததால் அதை எழுப்பாமல் விட்டுவிட்டார்கள். ஊகத்தைக் கட்டடமாக்காத அந்த நிதானம் பாராட்டத்தக்கது. தெற்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் யானைகளை நெருங்கிப் பாருங்கள்: முழு உருவத்தோடு இருப்பவை சீரமைப்பின்போது செய்யப்பட்டவை, காதும் துதிக்கையும் இழந்து, செங்கல் தெரிய நிற்பதே பழையது. இப்போது பாங்காக்கில் இருக்கும் மரகத புத்தர் சிலை 15ஆம் நூற்றாண்டில் வீற்றிருந்ததும் இந்தத் தூபியில்தான்.

மேற்கிலுள்ள வாட் பிரா சிங்கில் பெரிய மண்டபத்தோடு பலர் திரும்பிவிடுகிறார்கள். அதன் பின்னால் ஒதுங்கி நிற்கும் சிறிய விகான் லாய் காம் மண்டபத்துக்குள் அவசியம் செல்ல வேண்டும். பீடத்துக்குப் பின்னால் செந்நிற அரக்குப் பூச்சின் மேல் பொன் வேலைப்பாடு மின்னும். பக்கச் சுவர்களில் பழங்கதைகளைச் சொல்லும் ஓவியங்களுக்குள்ளேயே அக்கால வடக்குத் தாய்லாந்து மக்களின் உடையும் அன்றாட வாழ்வும் பதிவாகியிருக்கின்றன.

எந்த விகாரைக்குள்ளும் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். காலணியை வெளியே விட்டுவிட்டு, புத்தரை நோக்கிப் பாதத்தை நீட்டாமல் மடக்கி உட்கார வேண்டும். பெண்கள் துறவிகளைத் தொடக்கூடாது. வாட் செடி லுவாங் வளாகத்திலுள்ள நகரத் தூண் சன்னிதியைப் போலப் பெண்களை அனுமதிக்காத சில இடங்களும் உண்டு என்பதால், வாசலிலுள்ள அறிவிப்பைப் படித்துவிட்டு நுழையுங்கள்.

மறுநாள் காலை தோய் சுதேப் மலைக் கோயில். சோங்தேவ் எனப்படும் சிவப்பு ஷேர் வண்டிகள் மேலே செல்கின்றன. ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். 1935ஆம் ஆண்டில் க்ரூபா சிவிசாய் என்ற துறவியின் தலைமையில் மக்கள் தங்கள் உழைப்பையே கொடையாகத் தந்து போட்ட சாலை இது. அடிவாரத்தில் இருக்கும் அவருடைய சிலைக்கு மாலையிட்டு வணங்கிவிட்டே உள்ளூர்க்காரர்கள் மேலே போகிறார்கள். புத்தரின் திருத்தாதுவைச் சுமந்து வந்த வெள்ளை யானை நின்று உயிர்விட்ட இடத்தில் கோயில் எழுந்தது என்பது ஐதீகம். இருபுறமும் நாகங்கள் நீளும் முந்நூற்றுச் சொச்சம் படிகளை ஏற முடியாதவர்களுக்கு இழுவை வண்டி இருக்கிறது.

மூன்றாம் நாள் கிடைத்தால் என் தேர்வு லம்பூன். தெற்கே சுமார் 26 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இது, மங்ராய் கைப்பற்றுவதற்கு முன் ஹரிபுஞ்சய என்ற, மோன் இனத்தாரின் அரசின் தலைநகராக இருந்தது. பொன்தகடு வேய்ந்த அதன் பெரிய தூபி இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. விரைவுச் சாலையைத் தவிர்த்துப் பழைய சாலையிலேயே செல்லுங்கள். சாரபீ பகுதியில் இருபுறமும் வானுயர்ந்த யாங் மரங்கள் நிற்கும். அவற்றை வெட்டக்கூடாது என்பதற்காக அடிமரத்தில் காவித் துணி சுற்றியிருப்பார்கள். வழியில் சற்று விலகினால், பிங் ஆற்று வெள்ளத்தால் கைவிடப்பட்ட மங்ராயின் முந்தைய தலைநகரான வியாங் கும் காமின் செங்கல் இடிபாடுகளையும் பார்க்கலாம். நாட்டின் மிக உயர்ந்த சிகரமான 2,565 மீட்டர் தோய் இந்தனோனுக்கு முழு நாள் தேவைப்படும்; கம்பளிச் சட்டை அவசியம். யானைகளைப் பார்க்க விரும்பினால், சவாரியும் வித்தை காட்டலும் இல்லாத இடத்தையே தேர்ந்தெடுங்கள்.

நவம்பர் முதல் ஜனவரி வரை குளிர்ந்த, தெளிவான காலம். பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை வயல்களிலும் காடுகளிலும் எரியும் தீயின் புகை மலையையே மறைத்துவிடும். மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் அந்த மாதங்களில் போகவே வேண்டாம். பயணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருமாறு திட்டமிட்டால், மாலையில் தா பே வாயிலிலிருந்து ராட்சடம்னோன் சாலை நெடுகக் கூடும் நடைபாதைச் சந்தையைக் கூட்டம் நெருக்குவதற்கு முன்பே பார்த்துவிடலாம்.