புது ரோலர் கோஸ்டர் அறிவிச்சாச்சா? சண்டை போடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏதாவது ஒரு பூங்கா புது ரோலர் கோஸ்டரை அறிவித்த அரை மணி நேரத்தில் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "உலகத்துலயே இதுதான் டாப்" என்று ஒரு கட்சி. "காசைக் கொட்டி வீணடிச்சுட்டாங்க" என்று எதிர்க்கட்சி. அதற்குள் ஒரு டிராக் துண்டுகூட லாரியில் வந்து இறங்கியிருக்காது. நாங்கள் அந்தக் காலத்தில் போட்ட அதே சண்டை, அதே வாதம், அதே அவசரம். புதிதாக வருகிறவர்கள் வரி பிசகாமல் அப்படியே திரும்பச் செய்வதைப் பார்க்கும்போது எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஏப்ரல் 1 அன்று வரும் அறிவிப்பை நம்பாதே, அடியை மீட்டராக மாற்றும்போது கணக்கைச் சரிபார் என்பதெல்லாம் இதில் இருக்காது. அது உங்களுக்கே தெரியும்.

உயரத்தை வைத்துத் தரம் பிரிப்பது

எல்லோரும் முதலில் தேடுவது இரண்டு எண்களை: உயரம், வேகம். அந்த இரண்டை வைத்தே தீர்ப்பும் எழுதிவிடுவார்கள்.

அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் நோபெல்ஸ் பூங்காவில் ஃபீனிக்ஸ் என்றொரு மர ரோலர் கோஸ்டர் இருக்கிறது. 1940களில் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் கட்டியது. அங்கிருந்து பிரித்தெடுத்துக் கொண்டுவந்து 1985இல் இங்கே ஓடவிட்டார்கள். உயரம் 24 மீட்டர்தான். வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர். நம்மூர் டவுன் பஸ் டிரைவர் காலியான ரோட்டைப் பார்த்தால் தொட்டுவிடக்கூடிய வேகம். இதை இன்றைக்கு யாராவது புதிதாக அறிவித்தால் நம் ஆட்கள் சிரித்தே சாகடித்துவிடுவார்கள். ஆனால் இந்தத் துறையில் பெயர்பெற்ற கோல்டன் டிக்கெட் விருதுகளில் சிறந்த மர ரோலர் கோஸ்டர் என்ற பட்டத்தைச் சமீப ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வாங்கியது இதுதான்.

எதிர்முனையில் கிங்டா கா. நியூ ஜெர்சியின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சரில் 2005இல் திறந்தது. 139 மீட்டர், மணிக்கு 206 கிலோமீட்டர். ஏறக்குறைய இருபது வருடம் உலகின் உயரமான ரோலர் கோஸ்டராக நின்றது. 2024 நவம்பரில் நிறுத்தினார்கள். 2025 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். வருத்தப்பட்டவர்கள் நிறைய. ஆனால் எனக்குத் தெரிந்த பழைய ரசிகர்களில் அதைத் தன் முதல் பத்தில் வைத்திருந்தவர் யாரும் இல்லை. ஏறு, இறங்கு, ஒரு மேடு, பிரேக். அவ்வளவுதான்.

சீட்டை விட்டு உடம்பு எழும்புகிற அந்த ஏர்டைம் உயரத்தால் மட்டும் வருவதில்லை. மேட்டின் வளைவும், அதைத் தாண்டும்போது டிரெயினுக்கு மிச்சமிருக்கும் வேகமும் சேர்ந்துதான் அதைத் தருகின்றன. வேகமாக வரும் டிரெயின் உச்சியில் சட்டென்று கீழ்நோக்கி வளைந்தால், உடம்பு மேலேயே போகப் பார்க்கும். பூட்டுதான் பிடித்துக் கீழே இழுக்கும். அதனால் அறிவிப்பு வந்தால் முதலில் டிரெயின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மடியில் மட்டும் பூட்டா, உடம்பை எழும்பவிடாமல் தோளிலும் பூட்டா? இந்த ஒரு கேள்வியின் பதில் உயரக் கணக்கைவிட அதிகம் சொல்லும்.

அனிமேஷனைப் பார்த்து விமர்சனம் எழுதுவது

அனிமேஷன் வீடியோவில் கேமரா ஆடாது, காற்று அடிக்காது, வயிறு எழும்பாது. அதைப் பார்த்துவிட்டு "நடுவுல டல்லா இருக்கு" என்று எழுதுகிறார்கள்.

இங்கிலாந்தின் தோர்ப் பார்க்கில் ஹைப்பீரியா வரப்போகிறது என்று வரைபடம் வெளியானபோது எழுந்த பெரிய புலம்பல், டிராக் ரொம்பக் குட்டை என்பது. நீளம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் 72 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற வேகத்தில் டிரெயின் அந்த நீளத்தை எப்படிக் கடக்கிறது என்பதை வரைபடம் காட்டாது. 2024இல் ஏறி இறங்கிய பிறகு அதே ஆட்களில் பலர் மூச்சுவிடவில்லை.

கம்பெனி ஜாதி பார்ப்பது

ரோலர் கோஸ்டர் செய்யும் கம்பெனிகளில் பி அண்ட் எம் என்றால் மந்தம், இன்டமின் என்றால் மூடியே கிடக்கும், வெகோமா என்றால் தோள்பூட்டு காதில் இடிக்கும் என்று முத்திரை. வெகோமா திருந்திப் பல வருடம் ஆகிறது. அப்டேட் ஆகுங்கள்.

திறப்பு ஆண்டை நம்பி ஃபிளைட் டிக்கெட் போடுவது

இதற்கு வருகிறேன். மற்ற தவறுகளில் போவது மானம் மட்டும்தான். இதில் பணமும் போகும். எத்தனை பேரிடம் எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டேன் என்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர். வெளிநாட்டுப் பூங்கா ஒன்று, பெயர் வேண்டாம், புது ரோலர் கோஸ்டரை அறிவித்த அன்றே அடுத்த கோடை விடுமுறைக்கு டிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ரத்து செய்தால் பணம் திரும்பாத மலிவு டிக்கெட். ஹோட்டலும் அப்படியே. "அண்ணா, அவங்களே வருஷம் போட்டிருக்காங்கல்ல?" என்றார். வருஷம் போட்டிருக்கிறார்கள், மாதம் போட்டிருக்கிறார்களா என்றேன். "கோடைக்குன்னுதான் சொல்றாங்க." யார் சொல்கிறார்கள் என்று கேட்டால் பூங்கா இல்லை, யூடியூபில் ஒருவர். கடைசியில் குடும்பத்தோடு போய், வேலிக்கு வெளியே நின்று, காலி டிரெயின் சோதனை ஓட்டம் போவதைப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். படம் நன்றாகவே இருந்தது.

பூங்காக்கள் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. அறிவிப்பில் இருக்கும் ஆண்டு ஒரு இலக்கு; வாக்குறுதி இல்லை. அதற்கும் திறப்புக்கும் நடுவில் அஸ்திவாரம், ஸ்டீல், மின்சாரம், மணல்மூட்டையோ தண்ணீர் பொம்மையோ ஏற்றிய டிரெயினை ஓட்டிப் பார்க்கும் சோதனை, பாதுகாப்புச் சான்று எல்லாம் வரிசையில் நிற்கின்றன. ஒன்று தள்ளினால் எல்லாம் தள்ளும்.

ஆதாரம் கேட்பவர்களுக்கு. டிஸ்னி வேர்ல்டின் ட்ரான் ரைடை 2017இல் அறிவித்தார்கள். பூங்காவின் 2021 பொன்விழாவுக்குத் தயாராகும் என்ற பேச்சோடு. அது ஷாங்காயில் 2016 முதலே ஓடிக்கொண்டிருந்த ரைடின் நகல்தான். திறந்தது 2023 ஏப்ரலில். புஷ் கார்டன்ஸ் டாம்பாவின் அயர்ன் குவாஸி 2020இல் வரவேண்டியது, வந்தது 2022 மார்ச்சில். அதன் சகோதரப் பூங்காவான வில்லியம்ஸ்பர்கின் பாந்தியானுக்கும் அதே கதை, அதே ஆண்டுகள். கொரோனாவைக் காரணம் சொல்லலாம், நியாயம்தான். சவுதியின் ஃபால்கன்ஸ் ஃபிளைட்? 2019இல் மணிக்கு 250 கிலோமீட்டர் என்று உலகையே வாய்பிளக்க வைத்த அறிவிப்பு. 2025 முடியும் நேரம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு தூரம் எதற்கு, நம் சென்னை வொண்டர்லாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கேளிக்கை வரி விவகாரத்தில் வருடக்கணக்கில் கிடப்பில் கிடந்து, 2025 டிசம்பரில்தான் கதவு திறந்தது. அறிவிப்பு வந்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் சம்பளக் காசில் டிக்கெட் எடுத்தார்கள்.

சரி, திறந்துவிட்டார்கள் என்றே வையுங்கள். அப்போதாவது டிக்கெட் போடலாமா? ஒஹையோவின் சீடர் பாயின்ட்டைக் கேளுங்கள். பழைய டாப் த்ரில் டிராக்ஸ்டரை மாற்றியமைத்து, முன்னும் பின்னும் 128 மீட்டர் கோபுரங்கள், டிரெயினை விசையோடு உந்தித் தள்ளும் லாஞ்ச் மூன்று என்று டாப் த்ரில் 2வை 2023 ஆகஸ்டில் அறிவித்தார்கள். சொன்னபடி 2024 மே 4 அன்று திறந்தார்கள். ஒரு வாரம் தாண்டியதும் மூடினார்கள். டிரெயின்களில் இயந்திர மாற்றம் தேவை என்றார்கள். அந்த சீசன் முழுக்க மூடித்தான் கிடந்தது. மறுபடி ஆட்கள் ஏறியது 2025இல். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று உலகம் முழுவதிலுமிருந்து எத்தனை பேர் விமானச் சீட்டோடு உட்கார்ந்திருந்திருப்பார்கள், நினைத்துப் பாருங்கள். அதே 2024இல் முன்னால் சொன்ன ஹைப்பீரியாவும் திறந்த கையோடு சில நாள் மூடியது.

இதில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. அதைப் பிடித்துக்கொண்டால் போதும். இந்த வகையில், இந்த அளவில், இந்த டிரெயின் வேறெங்காவது ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் ஆபத்து குறைவு. எங்குமே ஓடவில்லை, இதுதான் முதல் என்றால் அந்தப் பூங்காவின் முதல் சீசன் உண்மையில் சோதனைச் சீசன். அமெரிக்காவின் டாலிவுட் பூங்காவில் லைட்னிங் ராட் 2016இல், மர ரோலர் கோஸ்டரில் லாஞ்ச் என்று புரட்சிகரமாக வந்தது. சொன்ன மாதத்தில் திறக்கவில்லை. திறந்த பிறகும் அடிக்கடி படுத்தது. கடைசியில் 2024இல் அந்த லாஞ்சையே கழற்றி எறிந்துவிட்டு, அதிவேகச் சங்கிலி இழுவையைப் போட்டார்கள். இப்போது ஒழுங்காக ஓடுகிறது, ஆனால் எந்தப் புதுமைக்காக ஜனங்கள் ஓடிவந்தார்களோ அது இல்லை.

இன்னொன்று: எவ்வளவு தாமதமாக அறிவிக்கிறார்களோ அவ்வளவு நம்பலாம். ஒர்லாண்டோவில் யுனிவர்சல் பூங்காக்காரர்கள், வெலோசிகோஸ்டரின் டிராக் ஊருக்கே தெரியும்படி நின்றபோதும் வாயைத் திறக்கவில்லை. 2020 செப்டம்பரில் ஒப்புக்கொண்டார்கள், 2021 ஜூனில் திறந்தார்கள். வெறும் நிலத்தைக் காட்டி அறிவிப்பவர்களிடம் அந்த நம்பிக்கையை வைக்காதீர்கள்.

என் வழக்கம் இது: புது ரைடுக்காக மட்டும் ஒரு பூங்காவுக்குப் போக வேண்டுமென்றால் இரண்டாவது சீசனில்தான். முதல் சீசனிலேயே போயாக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், அந்த ரைடு மூடியிருந்தாலும் போன காசு செரிக்கிற பூங்காவாக இருக்க வேண்டும். டிக்கெட்டும் ஹோட்டலும் ரத்து செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் நான் நகரமாட்டேன். முதல் நாள் ஏறிய பெருமையைப் பக்கத்து ஊர்க்காரன் வைத்துக்கொள்ளட்டும்.

வர்த்தக முத்திரை பதிவானதைச் செய்தியாக்குவது

பூங்காக்காரர்கள் ஒரு பெயரைப் பதிவு செய்தார்கள். ரோலர் கோஸ்டரை வாங்கவில்லை.

மணிக்கு எத்தனை பேர் என்று கேட்காதிருப்பது

அறிவிப்புச் சண்டைகளில் யாருமே தொடாத எண் இதுதான். ஆனால் உங்கள் நாள் எப்படிப் போகும் என்பதை முடிவு செய்வது இதுதான். கணக்கு எளிது. ஒரு டிரெயினில் 24 சீட், நிமிடத்துக்கு ஒரு டிரெயின் கிளம்பினால் மணிக்கு 1,440 பேர். பூட்டைச் சரிபார்க்க, பையை லாக்கரில் வைக்க என்று தாமதித்து இரண்டு நிமிடத்துக்கு ஒன்று கிளம்பினால் 720 பேர். அதே ரைடு, அதே உயரம், க்யூ மட்டும் இரண்டு மடங்கு. 2019 ஜூனில் ஒர்லாண்டோவில் ஹாக்ரிட் மோட்டார்பைக் ரைடு திறந்த அன்று க்யூ பத்து மணி நேரத்தைத் தொட்டது. 2018இல் சீடர் பாயின்ட்டின் ஸ்டீல் வெஞ்சன்ஸ் முதல் நாளே இரண்டு டிரெயின்கள் லேசாக மோதிக்கொண்டதால், கொஞ்ச காலம் ஒரே டிரெயினை வைத்து ஓட்டினார்கள். அந்த நாட்களில் வெயிலில் நின்றவர்களிடம் ஏர்டைம் பற்றிப் பேசிப் பாருங்கள்.

எத்தனை டிரெயின், ஒரு டிரெயினில் எத்தனை சீட் என்பது பெரும்பாலும் அறிவிப்பிலேயே இருக்கும். கடைசிப் பத்தியில் இருக்கும். அங்கே வரை யாரும் படிப்பதில்லை.

"உலகின் முதல்" என்பதில் மயங்குவது

போதுமான அடைமொழி சேர்த்தால் எதுவும் உலகின் முதல்தான்.

குடும்ப ரைடு என்றால் இளக்காரம்

பெரிய ரைடை எதிர்பார்த்த வருடத்தில் சின்னது அறிவித்தால் துக்க வீடு மாதிரி ஆகிவிடுகிறது. பெரும்பாலான பெரிய ரைடுகளில் 122 அல்லது 132 சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும். அதற்குக் கீழே இருக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அப்பாவோ அம்மாவோ நாள் முழுக்கக் கீழே பெஞ்சில் உட்காரும் பூங்காவுக்கு அந்தக் குடும்பம் அடுத்த முறை வருமா? டாலிவுட் 2023இல் திறந்த பிக் பேர் மவுன்டனில் 99 சென்டிமீட்டர் பிள்ளையும் ஏறலாம், கூட வரும் தாத்தாவுக்கும் சலிக்காது. உங்கள் கனவு ரைடுக்குப் பூங்காவிடம் காசு சேர்வதே இப்படிப்பட்டவற்றால்தான்.

முதலில் ஏறியவர் சொல்வதைக் கடைசி வார்த்தையாக எடுப்பது

பத்திரிகையாளர் நாளில் காலையில் ஒரு முறை, நடு சீட்டில் ஏறிவிட்டு வந்து "சுமார்தான்" என்று ஒருவர் வீடியோ போடுவார். மறுநாள் எல்லோரும் அதையே மென்றுகொண்டிருப்பார்கள். காலையில் சக்கரமும் பேரிங் கிரீஸும் குளிர்ந்திருக்கும், டிரெயின் மெதுவாகப் போகும். வெயில் ஏறி, பலமுறை ஓடிய பிறகு சாயங்காலம் அதே டிரெயின் கண்ணுக்குத் தெரியும் அளவு வேகம் எடுக்கும். சீட்டும் மாற்றும்: பெரிய இறக்கத்தில் பின்வரிசையை முன்னால் போன பெட்டிகள் உச்சியைத் தாண்டி வெடுக்கென்று இழுக்கும், முன்வரிசையில் உச்சியில் ஒரு நொடி தொங்கிவிட்டுத்தான் இறங்குவீர்கள். ஒரே ரைடு, இரண்டு அனுபவம். அதனால் விமர்சனம் பார்த்தால் அவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: எத்தனை மணிக்கு ஏறினீர்கள், எந்த வரிசை, எத்தனை முறை. மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் வீடியோவை மூடிவிட்டு வேலையைப் பாருங்கள்.