பால்காரரைப் பார்த்தும் குரைக்கும் மாடல்

கோத்தகிரியில் எங்கள் தெருவில் ஒரு நாய் உண்டு. ராத்திரி காட்டுமாடு இறங்கினாலும் குரைக்கும், விடிகாலை பால்காரர் வந்தாலும் அதே குரைப்புதான். இப்போது அது குரைத்தால் யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை. ஓப்பன் சோர்ஸ் பேக்கேஜ்களில் (யாரும் எடுத்துத் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் பொது நிரல் பொதிகளில்) நச்சு நிரலைப் பிடிக்க மெஷின் லேர்னிங் மாடல் செய்கிறவர்கள் பலரும் வளர்ப்பது இந்த நாயைத்தான். நானும் வளர்த்தேன்.

என் முதல் மாடல் சோதனையில் கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு வாங்கியது. வர்க்கி வாங்கி வந்து டீயோடு கொண்டாடினோம். அப்புறம் தரவைத் திறந்து பார்த்தால், ஒரே நிரல், பெயர் மட்டும் மாறி மாறி வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. அதைக் கலைத்துப் போட்டுப் பயிற்சிக்குக் கொஞ்சம், சோதனைக்குக் கொஞ்சம் என்று பிரித்தது, கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்த கதை. ஒன்றுபோல இருப்பவற்றை ஒரே பக்கம் தள்ளுங்கள். தேதி பார்த்துப் பிரியுங்கள். பழையதில் படித்துவிட்டுப் புதியதில் பரீட்சை எழுதட்டும். மதிப்பெண் இறங்கும். இறங்கியதுதான் நிஜம்.

அடுத்தது கணக்கு. 10,000 பேக்கேஜில் 10 கெட்டவை என்று வைத்துக்கொள்வோம். மாடல் பத்தையும் பிடிக்கிறது. நல்லவற்றில் 1 சதவீதத்தை மட்டும் தவறாகச் சந்தேகிக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வருவது சுமார் 110 எச்சரிக்கை, அதில் 100 பால்காரர்!

பேஸ்64 (தரவை வேறு எழுத்துகளாக மாற்றி எழுதும் முறை), ஈவல் (எழுத்தை நிரலாக ஓட்டும் கட்டளை), இணைய அழைப்பு என்று சொற்களை எண்ணிக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும். சுருக்கி வெளியிட்ட ஜாவாஸ்கிரிப்ட் எல்லாமே திருட்டு முழி முழிக்கும். நல்ல பேக்கேஜ்கூட இன்ஸ்டால் ஆகும்போது பைனரி (கணினி மட்டுமே படிக்கும் கோப்பு) இறக்கும். எது எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். பைத்தான் பேக்கேஜை நிறுவும் செட்அப்.பை கோப்பு, கணினியில் இருக்கும் டோக்கனை (கடவுச்சொல் மாதிரியான சாவியை) படித்து, கையோடு வெளியே அனுப்புகிறதா? அதுதான் காட்டுமாடு.

சாண்ட்பாக்ஸில் (வெளியே சேதம் வராத தனிச் சோதனைச் சூழலில்) ஓட்டினோம், ஒன்றும் நடக்கவில்லை, ஆகவே நல்லது என்று குறித்துவிடவும் கூடாது. 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பேக்கேஜுக்குள் நுழைந்த ஃப்ளாட்மேப்-ஸ்ட்ரீம் என்ற நச்சுப் பேக்கேஜ், கோபே என்ற பிட்காயின் வாலட்டின் பில்டுக்குள் (நிரலைச் செயலியாகக் கட்டும் வேலைக்குள்) இருந்தால் மட்டுமே தன் பூட்டை அவிழ்த்தது.

கிட் களஞ்சியத்தை (மூல நிரலைச் சேர்த்து வைக்கும் இடத்தை) மட்டும் படிப்பதும் தவறு. 2024 மார்ச்சில் அம்பலமான எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் ரகசியப் பின்வாசலை (பதிப்பு 5.6.0, 5.6.1) இயக்கிவிடும் பில்ட் ஸ்கிரிப்ட், வெளியீட்டுக்காகக் கட்டிய டார் கோப்பில்தான் இருந்தது, கிட்டில் இல்லை. மீதி, சோதனைக் கோப்பு வேஷத்தில் இருந்த பைனரி. அதைப் பிடித்தது எந்த மாடலும் இல்லை. எஸ்எஸ்எச் லாகின் (தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள் நுழைவது) அரை நொடி இழுக்கிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டியதில் சிக்கியது.

இப்போதெல்லாம் நான் மாடலிடம் ஆமாவா இல்லையா என்று கேட்பதில்லை. சந்தேக வரிசையில் மேலே நிற்கும் இருபதை மட்டும் தரச் சொல்கிறேன். காலையில் மூடுபனி விலகுவதற்குள் படித்து முடிக்க முடிகிற அளவு அதுதான். அதில் பால்காரர் யார் யார் என்று குறித்து, அடுத்த பயிற்சிக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.