பைபோலார் மனச்சோர்வுக்குப் புது மருந்து ஆய்வு: சேரும் முன்னும் சேர்ந்த பின்னும் குடும்பம் செய்ய வேண்டியவை

என் தம்பிக்கு பைபோலார் நோய்: மனம் சில காலம் அளவுக்கு மீறிப் பறக்கும், அதுதான் மேனியா; சில காலம் அடியோடு சோர்ந்துவிடும். விருதுநகர் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். மனநிலையைச் சீராக்கும் லித்தியம் என்ற மருந்தைப் பல வருடமாகச் சாப்பிடுகிறான். மேனியா கட்டுக்குள் வந்துவிட்டது. மனச்சோர்வுதான் விடவில்லை, வந்தால் வாரக்கணக்கில் ஷட்டரைத் திறக்க முடியாமல் படுத்துவிடுவான். அவனைப் பார்க்கும் டாக்டர் ஒரு மருந்து ஆய்வைப் பற்றிச் சொன்ன நாள் முதல் அது முடியும்வரை கூடவே போய்வந்தவள் நான். அதே யோசனையில் இருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

இதற்கு ஏன் தனியாக மருந்து தேடுகிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. வழக்கமான டிப்ரஷன் மாத்திரை இந்த நோயில் பலருக்குக் கைகொடுப்பதில்லை. அமெரிக்காவில் 366 பேரிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், எல்லோருக்கும் மனநிலையைச் சீராக்கும் மருந்து தொடர்ந்தது. அதோடு டிப்ரஷன் மாத்திரையும் பெற்றவர்களில் 23.5 சதவீதம் பேர் நிலையாகத் தேறினார்கள். பிளாசிபோ, அதாவது மருந்தில்லாத மாத்திரை பெற்றவர்களில் 27.3 சதவீதம் பேர். தவிர, டிப்ரஷன் மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் சிலரை அது மேனியாவில் கொண்டுபோய் விடும்.

ஆகவே ஒப்புதல் படிவம் கைக்கு வந்ததும் முதலில் தேட வேண்டியது: இப்போது சாப்பிடும் மருந்து என்ன ஆகும்? சில ஆய்வுகளில் பழையது தொடரும், புதியதை அதோடு சேர்ப்பார்கள். சிலவற்றில் பழையதை விலக்கிவிட்டுப் புதியதை மட்டும் கொடுப்பார்கள். இந்த மனச்சோர்வுக்கு 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லுராசிடோன், இரண்டு விதமாகவும் ஆறு வார ஆய்வுகளில் சோதிக்கப்பட்டது. லித்தியத்தால் மேனியா அடங்கி இருப்பவரை அதை விடச் சொல்லும் ஆய்வு என்றால், வேண்டாம் என்றுதான் தம்பியிடம் சொல்லியிருப்பேன். லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் மேனியா திரும்பும் அபாயமும் தற்கொலை அபாயமும் கூடும்.

படிவத்தைத் தமிழில் கேளுங்கள். புரியும் மொழியில் தருவது அவர்கள் கடமை. அங்கேயே கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அதில் நெறிமுறைக் குழுவின் (ஆய்வில் சேர்பவர்களின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் குழு) தொடர்பு எண் இருக்கிறதா, ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் எழுதியிருக்கிறதா, பிளாசிபோ கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்று பாருங்கள். இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகள் சிடிஆர்ஐ என்ற பொதுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2009 ஜூன் முதல் அது கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி நீங்களே தேடிப் பார்க்கலாம். அப்புறம், முடிவு நோயாளியுடையது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் ஆய்வுக்கு அவருடைய சுதந்திரமான, விவரம் அறிந்த சம்மதம் வேண்டும் என்கிறது. அக்கா சொன்னாள் என்பதற்காக அவன் கையெழுத்துப் போடக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

ஆய்வில் சேர்க்கும் முன் ரத்தம், சிறுநீர், ஈசிஜி எல்லாம் எடுப்பார்கள். சிறுநீரகமோ தைராய்டோ சரியில்லை என்று திருப்பி அனுப்பவும் செய்யலாம். அதற்காக மனம் தளர வேண்டாம்.

மருந்தின் பலனை அளக்க ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. கேள்வி பதில்தான் அளவுகோல். மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் மாட்ரஸ் என்ற 10 கேள்விப் பட்டியல்: துக்கம், தூக்கம், பசி, கவனம், சோம்பல், உயிரோடு இருக்கும் ஆசை என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை மதிப்பெண். நம் ஆட்களுக்கு இங்கேதான் சிக்கல். டாக்டர் முகத்தைப் பார்த்ததும் “பரவாயில்லை சார்” என்று வந்துவிடும். தம்பியும் அப்படித்தான், இரண்டு நாள் குளிக்காமல் கிடந்தவன் டாக்டரிடம் சிரித்துப் பேசுவான். “நீ நல்லா இருக்கேன்னு சொன்னா மருந்து நல்லதுன்னு எழுதிடுவாங்கடா” என்று கிளம்பும்போதே சொல்லிவிடுவேன். முந்தைய வாரம் எப்படி இருந்தது என்று வீட்டில் உட்கார்ந்து பேசி, குறித்துக்கொண்டு போங்கள். தற்கொலை பற்றிய கேள்வி ஒவ்வொரு முறையும் வரும். அதைக் கேட்பது நல்லதுதான். உண்மையைச் சொல்லும்படி தைரியம் கொடுங்கள்.

வீட்டில் ஒரு நோட்டு போடுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதுதான் அதில் முக்கியம். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுக் களைப்பே இல்லாமல் சுறுசுறுப்பாக இருந்தால், மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்படாமல் அன்றைக்கே ஆய்வு மையத்துக்குப் போன் செய்யுங்கள். தம்பியைப் பொறுத்தவரை விடியற்காலையில் சித்தப்பாவுக்குப் போன் போட்டு இன்னொரு கடை திறக்கிறேன் என்று பேசுவதுதான் முதல் அறிகுறி. உங்கள் வீட்டு அறிகுறியை எழுதி மையத்தில் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். ஒன்று கவனியுங்கள்: லுராசிடோன் போன்ற மருந்துகள் சிலவற்றால் உட்கார முடியாத கால் பரபரப்பு வரும். அது மேனியா இல்லை, பக்கவிளைவு. பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருப்பதால், மனசு பறக்கிறதா, கால்தான் நிற்கவில்லையா என்று அவரையே கேளுங்கள்.

லித்தியம் சாப்பிடுபவர் மெடிக்கலில் இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வாங்கிப் போடக் கூடாது. ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். நாட்டு மருந்தையும் மறைக்காதீர்கள். காலி மாத்திரை அட்டைகளைத் தூக்கிப் போடாமல் திருப்பிக் கொடுங்கள், எண்ணிப் பார்ப்பார்கள். நடுராத்திரியில் நெருக்கடி என்றால் மையத்தின் அவசர எண், இல்லாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். மருந்தைக் குறைத்து நிறுத்தவும் கடைசிப் பரிசோதனைக்கும் ஒருமுறை போக வேண்டும். முடிந்தபின் அந்த மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்பதை ஆரம்பத்திலேயே கேட்டு வையுங்கள். சாப்பிட்டது மருந்தா, பிளாசிபோவா என்பது ஆய்வு முழுவதும் முடிந்த பிறகே தெரியவரும். தெரிந்ததும் எழுத்தில் வாங்கி, வழக்கமான டாக்டரின் ஃபைலில் சேர்த்துவிடுங்கள்.